முப்பதாம் நாள் அழைப்பு

குப்பி ஒன்பதாவது மணியில் கத்தியது.
கீழ்த்தளத்திலிருந்து லேப் எட்டியப்பன் கூப்பிட்டார்:
"பதினேழாம் கட்டில், டாக்டர். விளைஞ்சிருச்சு."
விளைச்சல் என்றுதான் சொல்வார், எட்டு வருஷமாக.
இவ்வளவு சீக்கிரம் விளைந்தால்
ரத்தத்தில் கூட்டம் அதிகம்.
அதற்கும் என் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு.

காய்ச்சலுக்கு ஒன்று.
அழுத்தம் விழுந்ததற்கு இரண்டு.
பேர் கேட்டால் எஸ்டேட் பேர் சொன்னதற்கு ஒன்று.
விடியற்காலையில் குழாய் இறக்கினோம், அதற்கு இரண்டு.
சிறுநீரகத்துக்கும் சேர்த்துக் கூட்டினால் எட்டு.
வெள்ளைச்சி, ஐம்பத்திரண்டு, வாழவந்தி,
காப்பிக்காட்டுக் கூலி.
எட்டு என்றால் நூறு பேரில் எழுபது பேர்
முப்பது நாளைத் தாண்டுவதில்லை என்கிறது கணக்கு.
நூறு வெள்ளைச்சிகள் இல்லை என்னிடம்.
ஒருத்திதான்,
நகக்கண்ணில் மிளகுக் கறையோடு.

அதே ராத்திரி, நான்காம் கட்டிலில் கோதண்டபாணி.
செவ்வாப்பேட்டையில் கொலுசுக்குப் பற்று வைப்பவர்.
ஊதுகுழல் சுட்ட விரல் பழுத்து
சீழ் ரத்தத்தில் இறங்கியிருந்தது.
ஆனாலும் எழுந்து உட்கார்ந்து
சாம்பாரில் உப்பில்லை என்று சண்டை போட்டார்.
அவருக்கு நான் போட்டது இரண்டு.
பத்தாம் நாள் லிஃப்டுக்குக் காத்திருக்காமல்
படியில் இறங்கிப் போனார்.

இருநூறு பேர் வேண்டும் என் ஆய்வுக்கு.
மருந்து எழுதுவது காலையில்,
ஆரூடம் எழுதுவது இரவில்.
கடைசிப் பத்திக்கு மட்டும்
ரத்தமும் வேண்டாம், குப்பியும் வேண்டாம்,
ஒரு போன் போதும்.
முப்பதாம் நாள் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.
உண்டு என்றால் ஒன்று, இல்லை என்றால் பூஜ்யம்.

"கோதண்டபாணி இருக்காருங்களா?"
"இல்லைங்க."
பின்னால் சின்னச் சுத்தியலின் சத்தம்,
வெள்ளிமேல் விழுகிற சத்தம்.
"எப்ப வருவாரு?" என்று கேட்டுவிட்டேன்.

சுத்தியல் நின்றது.

நம் பாஷையில்
கடைக்குப் போனவரும் இல்லை,
போய்ச் சேர்ந்தவரும் இல்லை.
ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்துக்கொண்டு
எப்படிப் பேசிக்கொண்டிருக்கிறோம் இத்தனை காலம்?
"இருபத்தொண்ணாம் நாளுங்க," என்றது அந்தக் குரல்.
"இதயத்துல ஏதோ கட்டி உக்காந்திருச்சாம்.
கோயமுத்தூர்ல சொன்னாங்க."
வால்வு. எதிரொலிப் படம் எடுக்கச் சொல்லியிருந்தேன்.
வரிசை பதினான்கு நாள் என்றார்கள்.
அவர் பத்தில் போய்விட்டார்.
காத்திருந்த நாட்களுக்கு
என் படிவத்தில் கட்டம் இல்லை.

ஏற்காட்டு மலைப்பாதையில்
ஒவ்வொரு கொண்டை ஊசிக்கும் பலகையில் எண் உண்டு.
எத்தனாவது வளைவு என்று பலகை சொல்லும்.
எந்த வண்டி என்று சொல்லாது.

வெள்ளைச்சியின் எண்ணை அன்று ஒத்திப்போட்டேன்.
மறுநாளும்.
முப்பத்திரண்டாம் நாள் அடித்தேன்.
பஸ் ஹாரன். கைக்குழந்தை அழுகை.
"எவ அது?"
குழாய் கீறிய தொண்டை, ஆனால் அவளேதான்.
"ஆஸ்பத்திரியிலிருந்து, அம்மா. நல்லா இருக்கீங்களா?"
"கால் வீக்கம் வடியல. மாத்திரை வாங்கத்தான் கீழ வர்றேன்."
ஒன்று என்று எழுதினேன்.
பேனா அழுத்தியதில் காகிதம் கிழிந்தது.
"ஏம்புள்ள," என்றாள்,
"அந்தக் கட்டில்ல இப்ப யாரு கெடக்கா?"

பதில் சொல்லுமுன் வளைவு வந்திருக்க வேண்டும்.
சிக்னல் போய்விட்டது.

பதினேழில் ஒரு பையன், சின்னதிருப்பதி,
பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம்.
அவன் குப்பி பெட்டிக்குள் ஆடிக்கொண்டிருக்கிறது,
பதினொரு மணி நேரமாக.
இன்னும் கத்தவில்லை.